சார்னோக்கைட்: கல்லறைப் பலகையிலிருந்து பெயர் பெற்ற சென்னைப் பாறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்னோக்கைட் என்றால் என்ன?

அது ஒரு பாறையின் பெயர். கிரானைட்டில் இருப்பதுபோலவே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் இதில் நிறைய உண்டு. ஆனால் கிரானைட்டில் கருப்புப் புள்ளிகளாகத் தெரிபவை பெரும்பாலும் மைக்காவோ ஹார்ன்பிளெண்டோதான். சார்னோக்கைட்டில் அந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவா தனிப்பெயர் என்று கேட்கலாம். ஆமாம், அதற்காகத்தான். அந்த ஒரு கனிமம் இருக்கிறது என்றால் பாறை பிறந்த இடமும் சூழலும் முற்றிலும் வேறு என்று பொருள். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னை விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் திரிசூலம், பல்லாவரம் குன்றுகளும் பரங்கிமலையும் இந்தப் பாறையால் ஆனவை. உலகத்தில் எந்த நாட்டில் சார்னோக்கைட் கிடைத்தாலும், அது இந்தக் குன்றுகளின் கல்லோடு ஒப்பிட்டே அந்தப் பெயரைப் பெறுகிறது. புவியியலில் இதை 'மூல இடம்' என்பார்கள். நம் ஊர்க் குன்று ஒன்றுக்கு இப்படி ஒரு தகுதி இருப்பது நம்மில் பலருக்கே தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். இந்தக் கேள்வி பதில்களை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

சென்னைப் பாறைக்கு ஏன் 'சார்னோக்' என்ற பெயர்? அப்படி ஓர் ஊர் இங்கே இல்லையே?

ஊர்ப்பெயர் இல்லை, ஆள்பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவராக இருந்த ஜாப் சார்னாக் என்பவரின் பெயர் அது. அவர் புவியியலாளர் இல்லை, கல்குவாரி நடத்தியவரும் இல்லை. பாறைக்கும் அவருக்கும் உள்ள ஒரே தொடர்பு, அவருடைய கல்லறை மேல் இந்தக் கல்லைப் பதித்திருக்கிறார்கள் என்பதே.

சார்னாக் இறந்தது கொல்கத்தாவில். அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை மண்டபம் இன்றும் இருக்கிறது. எட்டுப் பட்டை வடிவில் அதைக் கட்டியவர் அவருடைய மருமகன் சார்லஸ் அயர். உள்ளே லத்தீன் எழுத்துகள் பொறித்த கருமையான பலகைக்கல். சுமார் 200 ஆண்டுகள் அதை எல்லோரும் கல்வெட்டாகத்தான் படித்தார்கள். அதைக் கல்லாகப் பார்த்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹென்றி ஹாலண்ட். 1893இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில், சார்னாக்கின் கல்லறைக் கல்லின் பாறையியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பாறை சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளின் பாறைதான் என்று அதில் காட்டினார். இதுவரை பெயரிடப்படாத இந்த வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைக்கலாம் என்றும் முன்மொழிந்தார். அவர் சொன்ன காரணம் அழகானது: இந்தப் பாறையின் முதல் மாதிரி கொல்கத்தா வந்து சேரத் தன்னை அறியாமலே காரணமாக இருந்தவர் சார்னாக் என்பது.

கல்லறைக்குக் கல் வேண்டுமென்றால் வங்காளத்திலேயே எடுத்திருக்கலாமே?

கொல்கத்தா கங்கையின் வண்டல் சமவெளியில் இருக்கிறது. எங்கே தோண்டினாலும் களிமண், மணல், வண்டல்தான். நகரத்தின் அருகில் வெட்டி எடுக்கக் கல்லே கிடையாது. செங்கல்லால் ஊரைக் கட்டலாம், ஆனால் நூற்றாண்டுகள் அழியாமல் நிற்க வேண்டிய எழுத்தைச் செங்கல்லில் வெட்ட முடியாது. கம்பெனிக்கு அப்போது சென்னையில் கோட்டை இருந்தது, கோட்டைக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவில் உறுதியான பாறைக் குன்றுகள் இருந்தன, இரண்டு ஊர்களுக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

சார்னாக் சென்னைக்கு வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். முகலாயர்களோடு ஏற்பட்ட மோதலால் வங்காளத்தைவிட்டு வெளியேறி, 1689இல் சென்னைக் கோட்டையில் வந்து தங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய மகள்கள் மூவருக்கும் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. மறு ஆண்டு, 1690 ஆகஸ்ட் 24 அன்று, ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதானுதி என்ற கிராமத்தில் போய் இறங்கினார். கொல்கத்தாவின் தொடக்க நாள் என்று நீண்ட காலம் கொண்டாடப்பட்டது அந்த நாளைத்தான். சுதானுதி, கோவிந்தபூர், கலிகட்டா என்று அங்கே மக்கள் வாழ்ந்த ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே சார்னாக்கை நகரத்தின் நிறுவனர் என்று சொல்லக் கூடாது, கொல்கத்தாவுக்குப் 'பிறந்த நாள்' என்று ஒன்று கிடையாது என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனர் என்ற பட்டம் போய்விட்டது. பாறையில் ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் போகவில்லை.

சார்னாக் இறந்த ஆண்டு கல்லறையில் 1692 என்று இருக்கிறது, வேறு இடங்களில் 1693 என்று போடுகிறார்களே. எது சரி?

இரண்டும் சரி. அன்றைய ஆங்கிலேய நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். அதனால் அவர் இறந்த ஜனவரி 10 அவர்கள் கணக்கில் இன்னும் 1692தான். இன்றைய கணக்கில் அது 1693.

'சார்னாக்' என்ற சொல்லுக்கே ஏதாவது பொருள் உண்டா?

அது இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர். அந்த ஊர்ப்பெயர், கல் அல்லது கற்குவியல் என்று பொருள்படும் 'கார்ன்' என்ற பழைய கெல்டியச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. கல்லிலிருந்து ஊர்ப்பெயர், ஊரிலிருந்து ஆள்பெயர், ஆளிடமிருந்து மறுபடியும் ஒரு கல்லின் பெயர். கடைசியில் வரும் 'ஐட்' என்பது பாறைகளுக்கும் கனிமங்களுக்கும் வழக்கமாகச் சேர்க்கும் விகுதி, கிரேக்கத்திலிருந்து வந்தது.

ஹாலண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

1868இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1890இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். சார்னோக்கைட் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 25கூட முழுதாக ஆகியிருக்குமா என்பது சந்தேகம். பின்னாளில் அந்தத் துறைக்கே இயக்குநர் ஆனார். 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்துக்குத் தலைமை வகித்தார்.

ஒரு கல்லறைக் கல்லோடு அவர் நின்றுவிடவில்லை. தென்னிந்தியக் குன்றுகளை ஆராய்ந்து 1900இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். அதில்தான் 'சார்னோக்கைட் வரிசை' என்ற கருத்து வருகிறது: குவார்ட்ஸ் நிறைந்த வெளிர் பாறை தொடங்கிக் குவார்ட்ஸே இல்லாத கரும்பாறை வரை ஒரு குடும்பம், அத்தனையிலும் ஹைப்பர்ஸ்தீன் பொதுவாக இருக்கிறது என்றார். இன்று புத்தகங்களைப் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். சில நூல்களில் சார்னோக்கைட் என்றால் கிரானைட் போன்ற அந்த ஒரு பாறை மட்டும். சில நூல்களில் மொத்தக் குடும்பத்துக்கும் அதே பெயர். இன்றைய சர்வதேசப் பெயரிடல் விதிகள் முதல் பொருளைத்தான் ஏற்கின்றன.

ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரை இப்போது பயன்படுத்துவதில்லை என்கிறார்களே?

உண்மைதான். கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேல், 'ஸ்தெனோஸ்' என்றால் வலிமை. ஹார்ன்பிளெண்டைவிடக் கடினமானது என்பதால் அந்தப் பெயர் வந்தது. 1988இல் கனிமவியலாளர்கள் பைராக்சின் என்ற கனிமக் குடும்பத்தின் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது ஹைப்பர்ஸ்தீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆர்த்தோபைராக்சின் என்ற பொதுப்பெயரைச் சொல்கிறோம். களத்தில் வேலை செய்கிறவர்கள் வாயில் பழைய பெயர் இன்னும் வாழ்கிறது. நானும் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

கையில் எடுத்துப் பார்த்தால் அடையாளம் தெரியுமா?

புதிதாக உடைத்த முகமாக இருந்தால் தெரியும். சாதாரண கிரானைட் வெளிர்சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ பளிச்சென்று இருக்கும். சார்னோக்கைட் கரும்பச்சையும் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல் நிறத்தில் இருக்கும். எண்ணெய் தடவியதுபோல ஒரு வழுவழுப்பு அதன்மேல் தெரியும். ஒரு தடவை கண் பழகிவிட்டால் பிறகு மறக்காது. ஃபெல்ட்ஸ்பார் வழக்கமான வெண்மையை விட்டுப் பச்சை கலந்த நிறத்தில் இருப்பதும், குவார்ட்ஸ் பலமுறை நீலச்சாயலோடு இருப்பதும்தான் இந்தத் தோற்றத்துக்குக் காரணம்.

வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்த முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பச்சை நிறம் மேல்பரப்பில் வெளுத்துவிடும். வெளியே சாதாரணச் சாம்பல் கல், அரை அங்குலம் உள்ளே போனால் கரும்பச்சை. ஆகவே வெளித்தோலை நம்ப வேண்டாம்.

ஐயம் தீர வேண்டுமென்றால் நுண்ணோக்கிதான். பாறையை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி) அந்த மெல்லிய சில்லைத் திருப்பத் திருப்ப, ஹைப்பர்ஸ்தீன் மணிகள் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறி மாறி மின்னும். கருங்கல் என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற பொருளுக்குள் அந்த நிறங்களைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

இது தீப்பாறையா, உருமாறிய பாறையா?

இதே கேள்விதான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியலாளர்களைப் பிரித்து வைத்திருந்தது. ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்றார். உருகிய பாறைக்குழம்பு ஆழத்தில் குளிர்ந்து உறைந்தது என்பது அவர் முடிவு. பின்னால் வந்தவர்கள் பலர் அதை மறுத்தார்கள். ஏற்கெனவே இருந்த பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளாகி, உருகாமலே, கனிமங்கள் மாறிச் சார்னோக்கைட் ஆகியிருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

சண்டையின் மையம் தண்ணீர். மைக்காவுக்கும் ஹார்ன்பிளெண்டுக்கும் உள்ளே, படிகக் கட்டமைப்பிலேயே, நீரின் கூறு பிணைந்திருக்கும். ஹைப்பர்ஸ்தீனில் அது கிடையாது. அப்படியென்றால் சார்னோக்கைட் உருவான இடம் மிகவும் வெப்பமானதாக மட்டுமல்ல, வறண்டதாகவும் இருந்திருக்க வேண்டும். சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பம், 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழம். அங்கே இருந்த நீர் எங்கே போனது?

இதற்கு விடைதேட உதவிய இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூருக்குத் தெற்கே உள்ள கப்பல்துர்கா. அங்கே ஒரு குவாரியில், நைஸ் என்ற வரிவரியான, சாம்பல்நிற உருமாறிய பாறையின் நடுவே திட்டுத் திட்டாக, விரிசல்களை ஒட்டிய பட்டைகளாக, கரும்பச்சைச் சார்னோக்கைட் தெரிகிறது. நைஸின் வரிவரியான அமைப்பு அந்தத் திட்டுக்குள் மங்கிக்கொண்டே போய் மறைகிறது. ஒரே கல், பாதி நைஸ், பாதி சார்னோக்கைட்! மைசூர் மாநிலப் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தார். சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இங்கே பதிவாகியிருக்கிறது என்றார். பாதி வழியில் நின்றுபோன மாற்றம் என்பதால்தான் அது அத்தனை அரிய சான்று. முழுதாக மாறிமுடிந்த பாறை, தான் முன்பு என்னவாக இருந்தது என்பதைக் காட்டாது.

விரிசல்களை ஒட்டியே மாற்றம் நடந்திருப்பதால், அந்த வழியாக ஏதோ ஒன்று ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு என்பது பலரும் ஏற்ற விளக்கம். அது புகுந்து நீரின் பங்கைக் குறைத்தால், மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் நிலைக்க முடியாமல் சிதைந்து ஹைப்பர்ஸ்தீன் பிறக்கும். இத்தகைய பாறைகளின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகளில் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு சிறைப்பட்டிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். செறிவான உப்புநீர்க் கரைசல்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது பிறகு வந்த கருத்து.

ஆக, நேரடி விடை: இரண்டும் உண்டு. நீர் குறைந்த பாறைக்குழம்பிலிருந்து நேராக உறைந்த சார்னோக்கைட்டும் இருக்கிறது, கப்பல்துர்காபோல உருமாறிப் பிறந்ததும் இருக்கிறது. எந்தக் குன்று எந்த வகை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே விதியில் எல்லாவற்றையும் அடைக்க முயன்றதுதான் அந்த நீண்ட சண்டைக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

20 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது பல்லாவரத்தில் எப்படி வெளியே நிற்கிறது?

மேலே இருந்த அத்தனை பாறையும் அரித்துப்போய்விட்டது. வேறு வழியே இல்லை. மலைகள் எழும்ப எழும்ப மழையும் ஆறும் மேல்பகுதியைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோக, பாரம் குறைந்த அடிப்பகுதி மெல்ல உயர்ந்தது. பல்லாவரம் குன்றின்மேல் கால் வைப்பவர் ஒரு பழைய கண்டத்தின் அடித்தளத்தின்மேல் நிற்கிறார். இதைவிட எளிதாக இந்தப் பாறையின் அருமையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வயது என்ன?

இடத்துக்கு இடம் மாறும். சென்னை, சேர்வராயன், நீலகிரி பகுதிகளில் சுமார் 250 கோடி ஆண்டுகள். தெற்கே கேரளத்தின் தென்பகுதி, நாகர்கோவில் பக்கம் வந்தால் உருமாற்றம் நடந்த காலம் சுமார் 55 கோடி ஆண்டுகள். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலம் அது.

வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் தொட்டபெட்டா உள்ளிட்ட நீலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் மலைகளில் பெரும்பகுதி இதுதான். கிழக்குத் தொடர்ச்சி மலை வழியாக ஆந்திரம், ஒடிசா வரை போகிறது. இலங்கையின் மத்திய மலைநாடு, மடகாஸ்கர், அண்டார்டிகா, நார்வே, சுவீடன் என்று பட்டியல் நீளும். இதில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா ஆகியவை ஒருகாலத்தில் ஒட்டியிருந்த நிலங்கள் என்பதைக் கவனியுங்கள்.

என்டர்பைட், மாங்கரைட் என்பவை என்ன?

ஒரே குடும்பத்துப் பாறைகள். ஃபெல்ட்ஸ்பாரின் வகையையும் குவார்ட்ஸின் அளவையும் பொறுத்துப் பெயர் மாறும். என்டர்பைட் அண்டார்டிகாவின் என்டர்பி நிலத்திலிருந்தும், மாங்கரைட் நார்வேயின் மாங்கர் என்ற ஊரிலிருந்தும் பெயர் பெற்றவை. பாருங்கள், அவற்றுக்கெல்லாம் இடப்பெயர் கிடைத்திருக்கிறது. நம் பாறைக்கும் பல்லாவரத்தின் பெயர் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடையில் கிரானைட் என்று விற்பது இதுதானா?

சிலசமயம். வணிகத்தில் மெருகேறும் கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். ஆனால் 'கருப்பு கிரானைட்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை டோலரைட், காப்ரோ போன்ற வேறு பாறைகள். சார்னோக்கைட் இங்கே அதிகமாகப் போவது ஜல்லிக்கும் கட்டுமானக் கல்லுக்கும்.

இதற்குத் தமிழ்ப் பெயர் இல்லையா?

கல் உடைப்பவர்கள் கருங்கல் என்பார்கள். ஆனால் கிரானைட்டும் கருங்கல், டோலரைட்டும் கருங்கல். புதுச்சொல் ஆக்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. இருந்தாலும் உலகம் முழுக்க ஒரே பெயரில் வழங்கும்போது சார்னோக்கைட் என்றே தமிழ் எழுத்தில் எழுதி, எந்தக் குன்றின் கல் என்பதைக் கூடவே சொல்வது போதும் என்பேன். பாடநூல்களில் சார்னோகைட், சார்னோக்கைட் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

தமிழிலிருந்து புவியியலுக்குப் போன சொல் ஏதாவது உண்டா?

உண்டு. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அந்தக் கொரண்டம் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு. வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது. நம் நாட்டோடு தொடர்புள்ள பெயர்கள் இன்னும் உண்டு. ஒடிசாப் பகுதியின் கோண்டு மக்களிடமிருந்து கோண்டலைட் என்ற பாறையின் பெயர் வந்தது. லாட்டரைட் என்ற பெயரை 1807இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் வைத்தது மலபாரின் அங்காடிப்புரத்துச் செம்புரைக்கல்லைப் பார்த்து. ஆனால் சொல் லத்தீன், செங்கல் என்று பொருள்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. இங்கே சுத்தியலை எடுக்காதீர்கள். கண்ணும் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். சுற்றுவட்டாரத்தில் சில பகுதிகள் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

பல்லாவரம் குன்றில் பல்லவர் காலக் குடைவரை ஒன்றும் இருக்கிறது. அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவரும் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்தான். கருவி சார்னோக்கைட் அல்ல, குவார்ட்சைட் என்ற வேறு பாறை.

மழை பெய்து ஓய்ந்த காலையில் போனால் நல்லது. தூசி கழுவப்பட்டு, ஈரம் காயாத வெட்டுமுகத்தில் அந்தக் கரும்பச்சை நன்றாகத் தெரியும்.